கரும்பலகைக் கடிதம்

ஜூலை 3, செவ்வாய்

பியூலா அக்காவுக்கு என்மேல் மறுபடியும் ஜெப பாரம் வந்துவிட்டது. இந்தக் கல்லூரியில் ஒருவருக்கு இன்னொருவர்மேல் பாரம் வந்தால், அதைச் சுமக்க வேண்டியது அந்த இன்னொருவர்தான். சாயங்காலம் விடுதி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "எப்சிபா, காலையில ஜெபத்துல உன்னை நெனச்சு அழுதுட்டேன்ட்டி" என்றாள். வாளியில் இன்னும் நாலு உருப்படி கிடந்தது. என்னை நினைத்து அழுகிறவள் ஒரு துணியையாவது பிழிந்து கொடுத்திருக்கலாம்.

விஷயம் இதுதான். மாணவர் ஊழியக் குழுவின் மிஷனரி வாரம் பதினாறாம் தேதி ஆரம்பிக்கிறது. இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு சாயங்காலம் அர்ப்பணிப்புக் கூட்டம். பேச்சாளர் பேசி முடித்ததும், "வடநாட்டு ஊழியத்துக்குப் போக யார் ஆயத்தம்?" என்று கேட்பார். பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கும். குழுச் செயலாளர் பியூலா அக்கா பெயர் எழுதிக்கொள்வாள். போன வருஷமும் ஒரு கூட்டம் எழுந்து நின்றது. எல்லோரும் இப்போது பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வருஷத்துப் பேச்சாளர் ஜார்க்கண்ட் மலைக் கிராமங்களில் பதினேழு வருஷமாக ஊழியம் செய்யும் சகோதரர் சாமுவேல் தங்கையா. என் அப்பா.

அப்பா பேசுவதற்கு முன்னால் நான் ஐந்து நிமிஷம் சாட்சி சொல்ல வேண்டுமாம். "மிஷனரி பிள்ளையா வளந்தது எவ்வளவு பெரிய பாக்கியம்னு நீ சொன்னாத்தான்ட்டி எடுபடும்." மாட்டேன் என்றேன். "மிஷனரி பிள்ளைன்னுதானே இங்க உனக்கு சீட்டே கெடச்சுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சரி என்றேன்.

ஜூலை 5, வியாழன்

சாட்சிக்கு ஓர் அளவு உண்டு. முதலில் கொஞ்சம் இருட்டு, நடுவில் ஒரு வசனம், கடைசியில் வெளிச்சம். இருட்டு ஒரு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. இதைப் பியூலா அக்கா எனக்குச் சொல்லித் தருகிறாள். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வருஷம் மிஷனரி பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவள் நான். விருந்தாளி வரும்போதெல்லாம் மேடையில் ஏற்றி நிறுத்தப்பட்டவள். எனக்கா தெரியாது?

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'சின்ன வயதில் அம்மாவைத் தேடினேன்' என்பதை அடித்துவிட்டு, 'அம்மாவின் இடத்தில் கர்த்தர் இருந்தார்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

மெஸ்ஸில் அந்த ஜெமிமா இன்றைக்கும் என் மேசைக்கே வந்து உட்கார்ந்தாள். முதல் வருஷம். அவளும் மிஷனரி பிள்ளைதான். இல்லத்தில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவள். சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 8, ஞாயிறு

அப்பா போன் செய்தார். அந்தக் கிராமத்தில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் அப்பா எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டேதான் பேச ஆரம்பிப்பார்.

"மக்ளே, பெர்சியையும் கூட்டிட்டு வாரேன்."

"எதுக்குப்பா?"

"இல்லத்துல விடத்தான். ஆறு வயசு ஆச்சில்லா? நீ போன வயசுதானே. கூட்டம் முடிஞ்ச மறுநாள் திங்கக்கெழம கொண்டு போய் விட்டுட்டு, செவ்வாக்கெழம நான் ரயில் ஏறிருவேன்."

பெர்சி என் தங்கை. இனிமேல் பிள்ளை இல்லை என்று எல்லோரும் நினைத்த பிறகு பிறந்தவள். கோடை விடுமுறைகளில் மட்டும் பார்த்திருக்கிறேன். அக்கா என்று கூப்பிட வராது அவளுக்கு. அங்கத்துப் பிள்ளைகளைப் போல 'தீதி' என்பாள். எனக்கு அவள்மேல் பெரிதாக ஒட்டுதல் ஒன்றும் கிடையாது.

"அங்க ஸ்கூல் இல்லியாப்பா?"

"இருக்கு. இந்தி ஸ்கூல். வாத்தியாரு நெனச்சா வருவாரு. ஆனா மிஷனரி சங்கத்துல ஒரு முறைன்னு இருக்கில்லா. எல்லா மிஷனரி பிள்ளையளும் அங்கதான் படிக்கு. நீயே எப்பிடி வளந்து நிக்கே பாரு."

"சரிப்பா" என்றேன்.

சாயங்காலம் எல்லாத் துணியையும் துவைத்தேன். அலமாரியில் மடித்து வைத்திருந்ததையும் எடுத்துத் துவைத்தேன்.

ஜூலை 9, திங்கள்

காலையில் உப்புமா. ராத்திரியும் உப்புமா.

ஜூலை 12, வியாழன்

பியூலா அக்கா கல்லூரி நூலகத்தில் சங்கத்தின் பழைய மாதப் பத்திரிகைகளைக் குடைந்திருக்கிறாள். எனக்கு எட்டு வயதானபோது நான் எழுதியதாக அதில் அச்சான கடிதத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அதைப் பெரிதாக்கி, சுற்றிலும் ஜிகினா ஒட்டி, சேப்பல் வாசல் நோட்டீஸ் போர்டில் மாட்டியிருக்கிறாள். தலைப்பு: 'ஒரு மிஷனரி பிள்ளையின் இருதயம்.' முழுதாக இங்கே எழுதி வைக்கிறேன். பார்த்து எழுத வேண்டிய அவசியமில்லை.

'மிகவும் அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, உங்கள் அன்பு மகள் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நான் இங்கே நலமாயிருக்கிறேன். நீங்களும் அங்கே நலமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். இங்கே எனக்கு நிறைய அக்காமாரும் அண்ணன்மாரும் இருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிடுகிறேன். நன்றாகப் படிக்கிறேன். என்னைக் குறித்துக் கவலைப்படாமல் ஊழியத்தைச் செய்யுங்கள். இப்படிக்கு, எப்சிபா.'

காலையிலிருந்து எதிரில் வருகிறவர்கள் எல்லாம் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். "எட்டு வயசுல என்ன பக்குவம்!" என்றார் தாவரவியல் மேடம். விடுதி வாட்ச்மேன்கூட ஸ்தோத்திரம் சொன்னார்.

இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் படிப்பறைக்குப் போக வேண்டும். கரும்பலகையில் அந்த வாரக் கடிதம் இருக்கும். எந்த வாரமும் அதே கடிதம்தான். பார்த்து எழுதி, அடியில் அவரவர் பெயரைப் போட்டுக் கொடுக்க வேண்டும். மேட்ரன் அம்மா பிழை பார்த்து உறையில் போட்டு ஒட்டுவார். வேறு எதையாவது எழுதினால் கிழித்துவிட்டுப் புதுத் தாள் கொடுப்பார். அடியெல்லாம் கிடையாது. "அப்பா அம்மா கர்த்தருடைய வேலையில இருக்காங்க, நீ அவங்கள இழுக்கப்பிடாது" என்று சொல்வார், அவ்வளவுதான். போர்டில் எழுதிப் போடுவது யாராவது ஒரு பெரிய பிள்ளை. அது யார் என்பது இப்போது முக்கியமில்லை.

ஜூலை 14, சனி

ஜெமிமா குழாயடியில் சிரித்துக்கொண்டே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, போர்டுல உங்க கடிதம் பாத்தேன்."

"அதுக்கு என்ன இப்போ?"

"எனக்கு இன்னும் முழுசும் மனப்பாடமா இருக்குக்கா. ஆனா அதுல ஒரு வரி..."

"உனக்கு வேற வேலை கிடையாதா? போய்ப் படி."

போய்விட்டாள். வாளியை நிரம்ப விட்டுவிட்டு நின்றேன். என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை. நானாக இருந்தால் சிரிக்க மாட்டேன்.

ஜூலை 18, புதன்

வந்துவிட்டார்கள். அப்பா இன்னும் கறுத்துவிட்டார். சட்டைக் காலர் திருப்பித் தைத்தது. அம்மா வரவில்லை. அங்கே மருந்தகத்தில் நர்ஸ் அம்மா ஒருத்திதான். மழைக்காலக் காய்ச்சல் நேரத்தில் விட்டுவிட்டு வர முடியாதாம். அம்மாவுக்கு எப்போதுமே யாருக்காவது காய்ச்சலாக இருக்கும்.

அப்பா கல்லூரி விருந்தினர் அறையில் தங்குகிறார். பெர்சி என்னோடு. என் அறைத்தோழி கலைவாணிக்கு அம்மை போட்டு ஊருக்குப் போயிருப்பதால் கட்டில் காலியாக இருந்தது. வார்டனிடம் அனுமதி வாங்கித் தந்தது பியூலா அக்கா. அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்து வாசலிலேயே நின்றாள். சொன்னேன்.

பெர்சிக்கு முன்பல் இரண்டும் இல்லை. தலை முழுக்கப் பேன்.

ஜூலை 19, வியாழன்

கலைவாணி கட்டிலை நனைத்துவிட்டாள். விடியற்காலையில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். சனியனே என்று திட்டினேன். அவள் என் நைட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

இல்லத்தில் நனைத்தால் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காலை ஜெபம் முடியும்வரை நிற்க வேண்டும். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எல்லா விடுதியிலும் ஏதாவது ஒரு சட்டம் இருக்கும்.

மத்தியானம் இரண்டு மணி நேரம் பேன் பார்த்தேன். தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"தீதி, அங்கே ராத்திரி நான் யார்கூட படுக்கணும்?"

"தனியா. உனக்குன்னு ஒரு பாய் குடுப்பாங்க."

"பயமா இருந்தா?"

"இருக்காது."

"உனக்கு இல்லியா?"

"தலையைக் குனி" என்றேன்.

ஜூலை 20, வெள்ளி

இன்றைக்கு அப்பாவிடம் கேட்டுவிடுவது என்று போனேன். பார்வையாளர் அறையில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டேன்.

"அப்பா, பெர்சியை இல்லத்துல விடாதீங்க. திரும்பக் கூட்டிட்டுப் போங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "என்ன மக்ளே திடீர்னு? எல்லாம் ஜெபிச்சு எடுத்த தீர்மானம்லா."

"அவ சின்னப் பிள்ளப்பா. தமிழே ஒழுங்கா வரல."

"நீயும் சின்னப் பிள்ளையாத்தானே போனே? எங்களுக்கும் வருத்தந்தான். ஆனா உன் கடிதம் வரும்லா, அதப் படிச்சுத்தான் நாங்க தேறினோம்." பக்கத்தில் இருந்த பையைத் திறந்தார். பாலிதீன் உறைக்குள் சணல் கட்டிய கடிதக் கட்டு. "அம்மா அரிசி டின்னுக்குள்ள வச்சு காப்பாத்தியிருக்கா, கரையான் ஏறக்கூடாதுன்னு. ஞாயித்துக்கெழம இதுல ஒண்ண மேடையில வாசிக்கப் போறேன். சங்கத்துல பொறுப்புல இருக்கவங்க சொன்னாங்க, இத வாசிச்சா பத்துப் பேராவது எந்திரிச்சு நிப்பாங்கன்னு."

சணல் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன்.

"பன்னெண்டு வருஷத்துல ஒரு கடிதத்திலயாவது நீ அழுததா எழுதியிருக்கியா? சொல்லு. எழுதியிருந்தா நான் மறுநாளே வண்டி ஏறியிருப்பேன்ட்டி."

சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம்தான். "போயிட்டு வாரேம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

எழுதியிருந்தால் வண்டி ஏறியிருப்பாராம். அப்படியானால் நான் எழுதாததுதான் குற்றம். இந்த ஆள்மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு இந்த நோட்டு போதாது.

ஜூலை 21, சனி

இல்லத்திலிருந்து பெர்சிக்கு எண் வந்துவிட்டது. அங்கே ஒவ்வொரு துணியிலும் பிள்ளையின் எண்ணைச் சிவப்பு நூலில் தைத்திருக்க வேண்டும். சலவையில் மாறாமல் இருக்க. காலியாக இருக்கும் எண்ணைத்தான் புதுப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அவளுக்கு நாற்பத்துமூன்று.

அது என் எண்.

நாலு கவுன், ஆறு ஜட்டி, இரண்டு பாவாடை, ஒரு போர்வை, ஒரு துண்டு. சாயங்காலம்வரை தைத்தேன். நாலுக்கு மூன்று தையல், மூன்றுக்கு ஆறு. கை தானாகவே போனது. பெர்சி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். கடைசிக் கவுனை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு தீதி" என்றாள். விரலில் குத்திக்கொண்டேன்.

பியூலா அக்கா சாட்சியை டைப் அடித்துக் கொண்டுவந்தாள். முடிவில் 'என் தங்கையையும் அதே இல்லத்துக்குச் சந்தோஷமாய் அனுப்புகிறேன்' என்று ஒரு வரி புதிதாக இருந்தது.

"இத நான் எழுதலியே" என்றேன்.

"ஆவியானவர் உணர்த்தினார்ட்டி" என்றாள். ஆவியானவர் டைப்பும் அடிக்கிறார் போலிருக்கிறது.

ஜூலை 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆடிட்டோரியம் நிரம்பிவிட்டது. முதலில் பெர்சி. அவளுக்குச் சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேல் சுற்றி, தலையில் ஓர் இறகைச் செருகியிருந்தார்கள். அந்த மலையில் யாரும் தலையில் இறகு செருகுவதில்லை. அது பியூலா அக்காவின் யோசனை. அந்த மலை மொழியில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடி மறந்துவிட்டது. மேடையில் நின்று கூட்டத்தில் என்னைத் தேடினாள். "அச்சோ, செல்லம்!" என்று முன்வரிசை மேடம்கள் கை தட்டினார்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் தாளோடு நின்றேன்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். இருட்டுப் பகுதி முடிந்தது. 'அம்மாவின் இடத்தில்' என்கிற இடத்துக்கு வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பா மேடையில் நடு நாற்காலியில், மடியில் அந்தக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். சணலை அவிழ்த்து வைத்திருந்தார். பியூலா அக்கா ஓரத்திலிருந்து, "கடிதத்தைப் பத்திச் சொல்லு, கடிதம், கடிதம்" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

சரி, கடிதம்தானே. தாளை மடித்தேன்.

"மிகவும் அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, உங்கள் அன்பு மகள் எழுதிக்கொள்வது."

எட்டு வயதில் படிப்பறையில் எப்படி ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவோமோ, அதே ராகத்தில்தான் வந்தது. "தேவ கிருபையால் நான் இங்கே நலமாயிருக்கிறேன்" என்றபோது, நடுவரிசையில் யாரோ எழுந்தார்கள். ஜெமிமா. வாய் அசைந்தது. பிறகு சத்தமும் வந்தது. "நீங்களும் அங்கே நலமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன்." பின்னால் பையன்கள் பக்கத்தில் ஒரு கட்டைக் குரல். இல்லத்துப் பையன், இரண்டாம் வருஷம் இயற்பியல். அப்புறம் பால்கனியில் இரண்டு பெண்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் முன்னால் கரும்பலகை இருப்பதுபோல நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். "இங்கே எனக்கு நிறைய அக்காமாரும் அண்ணன்மாரும் இருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிடுகிறேன். நன்றாகப் படிக்கிறேன்."

கூட்டத்தில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஏதோ நாடகம் என்று நினைத்தார்கள். பிறகு அது நின்றுபோயிற்று.

அப்பா மடியிலிருந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதலாவது, பத்தாவது, நடுவில் ஒன்று. நாங்கள் சொல்லச் சொல்ல அவர் விரல் வரியின்மேல் நகர்ந்தது.

நான், "என்னைக் குறித்துக் கவலைப்படாமல்" என்று அடுத்த வரிக்குப் போனேன். அவர்கள் வரவில்லை. எனக்கு இளையவர்கள் நாலு பேரும் அந்த இடத்தில் வேறு ஒரு வரியைச் சொன்னார்கள். போர்டில் மாட்டியிருக்கும் கடிதத்தில் இல்லாத வரி.

"ராத்திரியில் நான் அழுவதே இல்லை."

நான் நிறுத்திவிட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை. முடிவுவரை சொல்லி, 'இப்படிக்கு' என்றதும் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். ஒரே நேரத்தில் சொன்னதால் எந்தப் பெயரும் சரியாகக் கேட்கவில்லை.

அப்பாவைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் வந்து, "ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்கள். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது அப்பா மேடையில் இல்லை. பெர்சியைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தார். இறகு கீழே கிடந்தது.

பியூலா அக்கா பாட்டைத் தொடங்கினாள். ஆயத்தமா என்று யாரையும் யாரும் கேட்கவில்லை.

ஜூலை 23, திங்கள்

காலையில் பியூலா அக்கா வந்தாள். இன்றைக்கு உண்மையாகவே அழுதிருந்தாள். "ஒரு கூட்டத்தையே கெடுத்துட்டியேட்டி. எத்தனை ஆத்துமாக்கள் நஷ்டம் தெரியுமா? சாத்தானுக்கு எடங் குடுத்துட்டே." ஊழியக் குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்களாம். நான் குழுவில் இருந்தேன் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஜெமிமா வாசலில் நின்றாள். இந்தத் தடவை நான் விரட்டவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. அந்த வரி தானா வந்துட்டு. அப்பிடித்தானே நீங்க எழுதிப் போட்டீங்க?"

"ஆமா" என்றேன்.

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை என்றால் இந்த நோட்டு எதற்கு? ஒன்பதாம் வகுப்பிலிருந்து போர்டில் எழுதிப் போட்டது நான்தான். என் கையெழுத்துக் குண்டாக, அழகாக இருக்கும் என்று மேட்ரன் அம்மா என்னைப் பொறுக்கினார். அந்த வருஷம் புதிதாக வந்த பிள்ளைகள் ராத்திரி முழுக்க அழுதுகொண்டே இருந்தார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று, எரிச்சலாக வந்தது. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் சேர்த்தேன். மேட்ரன் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ராத்திரி எனக்கு மட்டும் இரண்டு துண்டு மீன் வைத்தார். சாப்பிட்டேன். நல்ல மீன்.

இதை எழுதியபிறகு ஜெமிமாவை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்பா ஒன்பது மணிக்கு விடுதி வாசலுக்கு ஆட்டோவோடு வந்தார். பெர்சியின் தகரப் பெட்டியைத் தூக்கி வைத்தேன். நாற்பத்துமூன்று தைத்த துணியெல்லாம் அதற்குள் இருந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் போல. சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கேன்" என்றார். "அத்தனையிலயும் நீ எழுதுனது எது?"

"பேரு மட்டும்ப்பா. அடியில இருக்கிற பேரு மட்டும்தான் நான் எழுதுனது."

தலையை ஆட்டினார். பெர்சியை உள்ளே தள்ளி உட்காரவைத்தார். ஆட்டோக்காரர், "இல்லத்துக்குன்னுதானே சார் சொன்னீங்க? அங்க போற பஸ்ஸுக்கு ஸ்டாண்டுல விடவா?" என்று கேட்டார்.

"ரயில்வே ஸ்டேஷனுக்குப் போப்பா" என்றார் அப்பா.

"நாளைக்குத்தானேப்பா உங்க வண்டி?"

"இருந்துக்கிடுதோம்" என்றார். "இவளுக்கு டிக்கெட் மட்டும் எடுக்கணும். என் பெர்த்துலயே படுத்துக்கிடுவா."

ஆட்டோ திரும்பியது. பெர்சி பின்பக்கச் சதுர ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. என்மேல் கோபமா, தன்மேல் கோபமா, தெரியாது. எனக்கு அவர்மேல் இருப்பது அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 26, வியாழன்

கலைவாணி வந்துவிட்டாள். மெத்தையை மோந்து பார்த்துவிட்டு, "என் கட்டில்ல யாருடி படுத்தா?" என்றாள். நோட்டீஸ் போர்டில் ஜிகினா மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 29, ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து படுத்தேன். கடிதம் எழுதும் நேரம். போன் அடித்தது. அம்மா. மூச்சு வாங்கியது.

"பெர்சி நல்லா இருக்கா. வந்ததுலேர்ந்து என் சேலையை விடல." பிறகு, "அப்பா எல்லாத்தையும் சொன்னாங்க" என்றாள்.

"ஓஹோ."

"எனக்கு முன்னமே தெரியும் எப்சி."

"என்ன தெரியும்?"

"ஜெமிமா அம்மா நம்ம பக்கத்துப் பணித்தளந்தானே. ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தா. அவ பிள்ள கடிதத்தையும் உன் கடிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம். ஒரு எழுத்து மாறல. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அவ கடிதத்தை மடிச்சு ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டா. நான் டின்னுல போட்டுட்டேன்."

என்னால் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து வராந்தாவுக்கு வந்தேன்.

"அதுக்கப்பறம் நான் உன் கடிதத்தைப் படிக்கதே இல்ல" என்றாள் அம்மா. "அடியில உன் பேரை மட்டுந்தான் பாப்பேன். சில வாரம் எழுத்து நேரா நிக்கும். சில வாரம் புள்ளிய அழுத்தி வச்சதுல தாளு ஓட்டையாயிருக்கும். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது."

"தெரிஞ்சும் விட்டு வச்சீங்களா?" என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன. "ஓட்டையைப் பாத்துட்டு, சாப்பிடாம இருந்துட்டு, மறுநாள் ஊசி போடப் போயிட்டீங்களா?"

"ஆமா."

"பெர்சியையும் பெட்டி கட்டி அனுப்புனீங்க?"

"ஆமா."

போனை வைத்துவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடியும் அடித்தது. எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். எடுத்தேன்.

"திட்டு" என்றாள் அம்மா. "வைக்காத. திட்டு. நான் இங்கனயேதான் நிக்கேன்."

திட்டினேன். ஆறு வயதிலிருந்து ஆரம்பித்தேன். ஈரத் துணியோடு நின்றது, பாய், ரயிலில் ஏற்றிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தது, மீன், எல்லாவற்றையும் சொன்னேன். சில இடங்களில் வார்த்தை மோசமாகப் போயிற்று. தொட்டி மேட்டில் காற்று வீசும் சத்தம் கேட்டது. நடுவில் மழை வந்தது போல இருந்தது. அம்மா இறங்கவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்கால ஜெபத்துக்கு மணி அடித்தார்கள். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். பியூலா அக்காவும் போனாள். நான் போகவில்லை.

பதினாலு வயதுவரைதான் வந்திருக்கிறேன். மிச்சத்துக்கு நாளைக்கும் அம்மாவை மேடேறச் சொல்லியிருக்கிறேன்.